விரதத்தில் சிகரெட்டை விட முடிகிறது, மற்ற நாளில் முடியவில்லை: துணை தேடுகிறேன்

கேள்வி: எடைப்பாலத்தார், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், லோரிகளை எடைபோடும் எடைப்பாலத்தில் வேலை செய்கிறேன். வயது 50-ஐ நெருங்குகிறது. பள்ளியை விட்டு வெளியேறிய காலத்திலிருந்து சிகரெட் பிடிக்கிறேன்; இப்போது நாளுக்கு ஒரு பெட்டிக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பதால் அரசாங்கக் கிளினிக்கில் தவணைக்குப் போய் வருகிறேன். சென்ற தவணையில் ரத்த அழுத்தம் பார்த்த தாதி, புகைப் பழக்கம் உண்டா என்று கேட்டார். நான் யோசிக்காமல் "இல்லை" என்றேன். அவர் அதை அப்படியே பதிந்துகொண்டார். அருகில் அமர்ந்திருந்த என் மனைவி அங்கும் ஒன்றும் சொல்லவில்லை, வீடு திரும்பும் வழியிலும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பதில் வாயிலிருந்து வந்தபோது எனக்கே அது பொய்யாகத் தோன்றவில்லை என்பதுதான் அன்றிலிருந்து என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

என் பக்கத்துக் காரணங்களையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். சுருட்டுப் பிடித்துக்கொண்டே 80 வயதைத் தாண்டி வாழ்ந்தார். எனக்கு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் குறை எதுவும் இல்லை. நான் வீட்டுக்குள் புகைப்பதில்லை. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் உணவகங்களில் புகைக்கத் தடை வந்தபோது, மற்றவர்கள் முணுமுணுத்த வேளையில், தே தாரிக் என்ற பால் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று மீட்டர் தள்ளிப் போய் நின்றவன் நான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் ஆண்டும் தைப்பூச விரதம் தொடங்கிய நாள் முதல் ஈப்போ கல்லுமலையில் பால்குடம் செலுத்தும் வரை ஒரு சிகரெட்டைக்கூடத் தொடுவதில்லை. அப்படி நிறுத்த முடிகிற ஒருவனை அடிமை என்று எப்படிச் சொல்ல முடியும் என்று மனைவியிடம் பலமுறை கேட்டு வாதத்தில் வென்றிருக்கிறேன். ஆனால் பால்குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் புந்தோங் பக்கம் நிறுத்திய காருக்குத் திரும்பும்போது என் கை எதைத் தேடுகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

நான் உண்மையிலேயே இதற்கு அடிமைப்பட்டிருக்கிறேனா, அல்லது இது வெறும் பழக்கம்தானா என்பதை எப்படி அறிவது? விட நினைத்தால் யாரிடம் போவது? ஆலையில் என்னைச் சுற்றி இருப்பவர்கள் அனைவரும் புகைப்பவர்கள். குலை ஏற்றி வரும் லோரி ஓட்டுநர் எடைச்சீட்டு வாங்கும்போது ஒரு சிகரெட்டை நீட்டுவது எங்களுக்குள் ஒரு மரியாதை. வீட்டிலோ, இத்தனை காலம் வாதத்தில் வென்ற பிறகு, உதவி கேட்க வாய் வரவில்லை.

மறுமொழி: வெட்டுக்கத்தி, பாகான் செராய்

இதற்கு மருந்தும் மருத்துவரும் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நான் ஒருநாள் பெட்டியைச் சாக்கடையில் எறிந்தேன், அதோடு முடிந்தது. மனவுறுதி இருந்தால் விடலாம். இல்லாதவரை எந்தக் கிளினிக்கும் காப்பாற்றாது. விரதத்தில் உங்களால் முடிகிறது என்றால் மற்ற நாளிலும் முடியும். முடிவெடுங்கள், அவ்வளவுதான்.

மறுமொழி: பழைய டிரசர், தைப்பிங்

தம்பி, நான் ஓய்வு பெறும் வரை தோட்ட மருத்துவமனைகளில் மருத்துவ உதவியாளராக இருந்தவன். தோட்டத்து மக்கள் எங்களை டிரசர் என்றுதான் அழைத்தார்கள். நீங்கள் கேட்ட வரிசையை விட்டுவிட்டு, அவசரமானதை முதலில் சொல்கிறேன். அந்த "இல்லை" என்ற பதிலைத் திருத்திவிடுங்கள். இனிப்பு நீரோடு புகையும் சேரும்போது இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கால்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களுக்கும் வரும் ஆபத்து மிகவும் கூடுகிறது. கொழுப்பைக் குறைக்கும் மருந்து வேண்டுமா, கால் பரிசோதனையில் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் மருத்துவர் உங்கள் பதிவேட்டைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார். இப்போது அவர் கையில் இருப்பது புகைக்காத வேறொருவரின் பதிவேடு.

அடிமைப்பட்டிருக்கிறோமா என்பதை அறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. ஃபாகர்ஸ்ட்ரோம் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளர் உருவாக்கியது. அதில் மற்ற கேள்விகளைவிட அதிகம் சொல்லும் கேள்வி, காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிறீர்கள் என்பதே. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் சார்பு மிகவும் கடுமையானது. அரை மணி நேரத்துக்குள் என்றாலும் லேசானது அன்று. சிகரெட்டில் நம்மை அடிமைப்படுத்தும் பொருள் நிக்கோட்டின். ரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். இரவு முழுவதும் தூங்கி எழும்போது உடம்பில் அது ஏறக்குறைய வற்றிப்போயிருக்கும். அந்த வறட்சியைத்தான் முதல் சிகரெட் தீர்க்கிறது. பிடித்ததும் மனம் தெளிந்துவிட்டது என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி இதுதான்.

உங்கள் காரணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே ஓரளவு வளர்ந்துவிட்ட கோளாறுகளையே காட்டும். ரத்தக்குழாயின் உட்சுவர் தடித்துவருவதையோ, நுரையீரலின் காற்றறைகள் சிதையத் தொடங்கியிருப்பதையோ அது காட்டுவதில்லை. உங்கள் தந்தையாரைப் பற்றி நான் மரியாதையோடுதான் பேசுகிறேன். சுருட்டுப் பிடித்தவர்கள் பலரும் புகையை வாயோடு நிறுத்தி விட்டுவிடுவார்கள், சிகரெட்டைப்போல் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. அதனால் அது தீங்கற்றது என்று ஆகிவிடாது, உங்கள் பழக்கத்துக்கு அவருடைய ஆயுள் சாட்சியாக முடியாது என்றுதான் சொல்கிறேன். மேலும் எண்பதைத் தாண்டிய பெரியவரை ஊரே நினைவு வைத்திருக்கிறது. தோட்டத்து லயன் வீடுகளில் 55 வயதில் மாரடைப்பில் போனவர்களின் பெயரை இந்த வாதத்தில் யாரும் எடுப்பதில்லை. அவர்களில் சிலரை நான் என் கையால் தூக்கியிருக்கிறேன்.

குறைத்துக்கொண்டால் போதும் என்ற எண்ணமும் உங்களுக்கு வரலாம். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2018-இல் வெளிவந்த கணக்கின்படி, நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், 20 சிகரெட் பிடிப்பவருக்கு வரும் கூடுதல் இதய ஆபத்தில் ஏறத்தாழ பாதி வந்துவிடுகிறது. அதே சமயம் முற்றாக விட்டவர்களுக்குக் கிடைக்கும் பலன் பெரியது. பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, வாழ்நாள் முழுவதும் புகைப்பவர்கள் ஏறத்தாழ 10 ஆண்டுகளை இழக்கிறார்கள் என்றும், 60 வயதில் விட்டவர் 3 ஆண்டுகளையும் 50-இல் விட்டவர் 6 ஆண்டுகளையும் 40-இல் விட்டவர் 9 ஆண்டுகளையும் மீட்டுக்கொள்கிறார் என்றும் 2004-இல் சொன்னது. உங்கள் வயதுக்கு நேரே இருக்கும் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது என்ற கேள்விக்கு விடை, நீங்கள் ஏற்கெனவே போய்வரும் இடமே. அரசாங்கக் கிளினிக்குகள் பலவற்றில் புகைப்பதை நிறுத்துவதற்கென்றே தனிப் பிரிவு நடக்கிறது. உங்கள் கிளினிக்கில் எந்த நாளில் என்று முகப்பில் கேட்டாலே சொல்வார்கள். சுகாதார அமைச்சின் ஜோம்குவிட் இணையத்தளம் வழியாகவும் பதிந்துகொள்ளலாம். ஒரு கருவியில் மூச்சை ஊதச் சொல்லி, உங்கள் உடம்பில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு இருக்கிறது என்று காட்டுவார்கள். திட்டமாட்டார்கள் என்று நான் உறுதி தர முடியாது, மனிதர்கள் பலவிதம். ஆனால் அந்த எண், புகையை நிறுத்திய ஓரிரு நாளிலேயே இறங்குவதைப் பார்த்தவர்கள் மறுதவணைக்குத் தாமாகவே வருவார்கள். மருந்தாக, தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டையும் நிக்கோட்டின் சூயிங்கமும் உண்டு. பட்டை நாள் முழுவதும் சீராகக் கொடுக்கும், சூயிங்கம் திடீரென எழும் ஆசையை அடக்கும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவோர் ஒன்றை மட்டும் பயன்படுத்துவோரைவிட அதிகமாக வெற்றி பெறுகிறார்கள். வாரெனிக்லின், புப்ரோப்பியான் போன்ற மாத்திரைகளை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் சொல்வதில்லை. சிகரெட் புகை, காப்பியில் உள்ள கஃபீனைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கிறது. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் தணிந்துவிடும். வழக்கம்போல் நாலு கோப்பை கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) குடித்தால் நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று எண்ணி மறுபடியும் பற்ற வைப்பீர்கள். முதல் சில வாரங்களுக்குக் காப்பியைப் பாதியாக்குங்கள்.

மறுமொழி: லூனாஸ் அக்கா

வெட்டுக்கத்தி அவர்களின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் மனவுறுதி என்ற ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போவது, புகைப்பவர் ஒளிந்துகொள்ள மிகவும் வசதியான இடம் என்பதைப் பதினைந்து, இருபது வருடம் புகைத்த ஒருவரோடு குடும்பம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன். என்னால் எப்போது வேண்டுமானாலும் முடியும் என்று சொல்பவருக்கு இன்றைக்கு எந்த வேலையும் இல்லை.

அண்ணன் தம்முடைய விரதத்தை மனவுறுதிக்குச் சான்றாகக் காட்டுகிறார். அந்த நாள்களில் உண்மையில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். கழுத்தில் மாலையைப் பார்த்ததும் லோரி ஓட்டுநர் சிகரெட்டை நீட்டுவதில்லை. நண்பர்கள் தள்ளி நின்று புகைக்கிறார்கள். வீட்டில் சமையல் மாறுகிறது, விடியலில் குளியல், மாலையில் கோயில், தரையில் படுக்கை என்று நாள் முழுவதற்கும் வேறோர் ஒழுங்கு வந்துவிடுகிறது. பேருந்தில் பார்ப்பவருக்குக்கூட இவர் விரதத்தில் இருக்கிறார் என்று தெரிகிறது. இத்தனை பேர் சேர்ந்து தாங்கிப் பிடித்த ஒன்றை, தனியாகச் செய்ததாக அண்ணன் கணக்கு எழுதிக்கொள்கிறார். எனக்கு அந்த விரதம் சொல்வது நேர்மாறானது: துணை இருந்தால் இவரால் முடியும், துணை விலகிய அன்றே முடியவில்லை. முருகன் எதையும் தனியாகச் செய்யச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே அந்த ஏற்பாட்டையே மறுபடியும் அமைக்கப் பாருங்கள். ஒரு நாளைக் குறித்து, அந்த நாளை நாலு பேரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். எடைப்பாலத்தில் சிகரெட்டை நீட்டும் ஓட்டுநரிடம், "டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார்" என்றால் அவர் வருத்தப்படமாட்டார். மரியாதைக்கு ஓர் இஞ்சி மிட்டாய் வாங்கிக்கொள்ளுங்கள். என் கணவர் ஆசை எழும்போதெல்லாம் கைப்பேசியில் அழைப்பதற்கென்று தம் மைத்துனரை, அதாவது என் தம்பியை, ஏற்பாடு செய்துகொண்டார். அவர்கள் பேசியதெல்லாம் பந்து விளையாட்டைப் பற்றித்தான், சிகரெட்டைப் பற்றியே அன்று. அந்த ஆசை சில நிமிடங்களில் தணிந்துவிடுகிறது, அதுவரை வாய்க்கு வேறு வேலை வேண்டும்.

அண்ணியின் மௌனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாதத்தில் தோற்றவர் அவர் அல்லர். பேசிப் பயனில்லை என்று நிறுத்திக்கொண்டவர். நானும் ஒரு காலத்தில் சட்டைப் பையை மோந்து பார்ப்பேன், காரின் கதவு இடுக்கில் சாம்பல் தேடுவேன். அதனால் என் கணவர் புகைப்பது குறையவில்லை, மறைப்பது கூடியது. அண்ணியிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. அடுத்த தவணைக்குக் கூட வரச்சொல்லி, அந்தத் தாதியின் முன்னால் பதிலை மாற்றிச் சொல்லுங்கள். அவருக்கு அது போதும்.

இடையில் சறுக்கினால் அதையே காரணமாக்கி முழுதும் விட்டுவிடாதீர்கள். என் கணவர் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஓர் இழவு வீட்டில் வெற்றிலை பாக்கோடு சிகரெட்டையும் தட்டில் வைத்து நீட்டினார்கள், எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அவரே சொன்னார். மறுநாள் காலையில் பட்டையை ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். இழவு வீடு, கல்யாண வீடு, இரவு நேர வேலை ஆகியவற்றுக்கு முன்கூட்டியே ஆயத்தம் வேண்டும் என்பதை அதன் பிறகுதான் தெரிந்துகொண்டோம். (நாளுக்கு ஒரு பெட்டி என்றால் வரி கட்டிய சிகரெட்டுக்கு மாதம் சில நூறு வெள்ளி போய்விடும். அந்தக் கணக்கைச் சொல்லி நான் யாரையும் மாற்றியதில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.)

மறுமொழி: தமிழாசிரியர், பீடோர்

அண்ணன் தம்மை அறிவில்லாதவர் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். தெரிந்ததும் செய்வதும் ஒன்றோடொன்று மோதும்போது மனம் படும் தொல்லையைப் பற்றி 1957-இல் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் விளக்கியபோது, அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டவரே புகைப்பவர்தான். செய்வதை மாற்றுவது கடினம். ஆகவே தெரிந்ததைக் கொஞ்சம் வளைத்துக்கொள்கிறோம்.

புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை டால், ஹில் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இருவரும் 1950-இல் லண்டன் மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அந்த முடிவைக் கண்ட டால் தாமே புகைப்பதை விட்டுவிட்டார். அதே முடிவைக் கடைசி வரை ஏற்க மறுத்தவர் ஆர். ஏ. ஃபிஷர், நவீனப் புள்ளியியலுக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர். தொடர்பு இருப்பது வேறு, காரணமாக இருப்பது வேறு என்றார். புகைக்கத் தூண்டும் பிறவிக் கூறே புற்றுநோயையும் தருகிறதோ என்னவோ என்றார். வாதம் என்ற அளவில் அதில் பிழை சொல்வது எளிதன்று. அவர் குழாயில் புகைப்பவர், புகையிலை நிறுவனங்களுக்கு ஆலோசகராகவும் இருந்தவர். கணக்கில் அவ்வளவு வல்லவருக்கே தம் பழக்கத்துக்குச் சார்பாக இவ்வளவு நேர்த்தியான வாதம் அமைந்தது என்றால், வீட்டில் நாம் ஜெயிக்கும் வாதங்களைச் சந்தேகிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேட்டவர்: எடைப்பாலத்தார்

அனைவருக்கும் நன்றி. முதலில் வந்த மறுமொழியைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி ஏற்பட்டது. ஏன் என்று அக்காவின் மறுமொழியைப் படித்தபோது புரிந்தது. டிரசர் ஐயா கேட்ட கேள்விக்குப் பதில், பல் துலக்குவதற்கு முன்பு. விரதத்தைப் பற்றி அக்கா சொன்னதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "இதைத்தான் நானும் நினைத்தேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்றார். அடுத்த தவணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மைத்துனர் ஒருவர் கோலக்கங்சாரில் இருக்கிறார், புகைக்காதவர். அவரிடம் இன்னும் பேசவில்லை, இந்த வாரத்தில் பேசிவிடுவேன்.

ஐயாவிடம் இரண்டு சந்தேகங்கள். ஆலையில் இளைஞர்கள் எல்லோரும் வேப்புக்கு (மின்சிகரெட்டுக்கு) மாறிவிட்டார்கள்; நானும் அப்படி மாறினால் விடுவது எளிதாகுமா? மேலும், ஒருமுறை மருந்துக்கடையில் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கி மென்றேன். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வந்தன. எனக்கு அது ஒத்துக்கொள்ளாதா?

மறுமொழி: பழைய டிரசர், தைப்பிங்

வேப்பை நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். அதிலும் நிக்கோட்டின் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள சட்டம் சிகரெட்டையும் வேப்பையும் ஒன்றாகவே கட்டுப்படுத்துகிறது. ஆலைக்குள் வேப்பும் ஆலைக்கு வெளியே சிகரெட்டும் என்று இரண்டையும் வைத்துக்கொண்டவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். பட்டையும் சூயிங்கமும் அளவு தெரிந்தவை, படிப்படியாகக் குறைத்து நிறுத்தும்படி அமைந்தவை. கிளினிக்கில் அதற்குத் துணையும் கிடைக்கும்.

சூயிங்கம் ஒத்துக்கொள்ளாமல் இல்லை, மென்ற விதம்தான் சரியில்லை. சாதாரண மிட்டாயைப்போல் விடாமல் மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். விக்கலும் எரிச்சலும் அதனால்தான். மெதுவாகச் சில தடவை மெல்லுங்கள். மிளகு கடித்ததுபோல் ஒரு காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடியும் மென்று வேறு பக்கத்தில் ஒதுக்குங்கள். ஒன்று அரை மணி நேரம் வரும். விழித்த அரை மணி நேரத்துக்குள் புகைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2 மில்லிகிராம் என்பது வழக்கம். நீங்கள் முதல் வகை, ஆனாலும் இனிப்பு நீர் இருப்பதால் அளவை மருத்துவர் முடிவு செய்யட்டும். காப்பி, தே ஓ லீமாவ் (எலுமிச்சைத் தேநீர்), குளிர்பானம் போன்றவற்றைக் குடித்தால் கால் மணி நேரம் கழித்தே வாயில் போடுங்கள்; அந்தப் புளிப்பு இருக்கும்போது வாய்த்தோல் நிக்கோட்டினை உறிஞ்சாது. புகையை நிறுத்திய முதல் வாரங்களில் சர்க்கரை அளவு ஏறியும் இறங்கியும் வரலாம். வீட்டில் ஊசி குத்திப் பார்க்கும் கருவி இருந்தால் வழக்கத்தைவிட அடிக்கடி பார்த்து, எழுதிய தாளைத் தவணைக்கு எடுத்துப் போங்கள்.